பழைய ஹோட்டாஸ் கூகர் ஜாய்ஸ்டிக் இப்ப வாங்கலாமா?

தம்பி கேட்டது இதுதான்: நம்ம மொரிஷியஸ்ல, கியூர்பிப்ல ஒருத்தர் த்ரஸ்ட்மாஸ்டர் ஹோட்டாஸ் கூகர் விக்கிறாரு, ஸ்டிக்கும் இஞ்சின் பவரைக் கூட்டிக் குறைக்கிற த்ராட்டிலும் சேர்ந்தே வருது, பல வருஷம் அலமாரியில கிடந்த சரக்கு, விண்டோஸ் 11ல ஓடுமா, அதுல இருக்குற ப்ரோக்ராமிங் வசதி இன்னிக்கும் பிரயோஜனப்படுமா, கம்ப்யூட்டர் சிமுலேட்டர்ல ஏடிஆர் 72 பயணிகள் விமானத்தை ப்ளேசான்ஸ் ஏர்போர்ட்ல ஏத்தி ரோட்ரிக்ஸ் தீவுல இறக்குற ஆளுக்கு சண்டை விமானத்து ஸ்டிக் எதுக்கு. கேள்வி மூணு மாதிரி தெரிஞ்சாலும் அடியில இருக்கிறது ஒண்ணு தான், காசைக் குடுத்து வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு இது தலைவலி ஆகுமா ஆகாதா. அதுக்குத்தான் பதில் எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

நான் எலக்ட்ரானிக்ஸ் படிச்சவன், ரோஸ் ஹில்ல பல வருஷமா ஆம்ப்ளிஃபயர், மிக்ஸர் போர்டு எல்லாம் ரிப்பேர் பண்றேன். காவடி சீசன் முடிஞ்சா கோயில்ல ஓடுன மிக்ஸர்கள் வரிசையா பெஞ்சுக்கு வரும், ஃபேடர் கரகரங்குது, சத்தம் திடீர்னு குதிக்குதுன்னு. ஜாய்ஸ்டிக் பக்கம் நான் வந்ததும் அந்த வழியா தான், ஏன்னா உள்ள இருக்குறது அதே பாகம், நகர்த்துனா ரெசிஸ்டன்ஸ் மாறுற பொட்டென்ஷியோமீட்டர். சிமுலேட்டர் பறக்குறதும் ராத்திரி ராத்திரி நடக்குது, அதனால ரெண்டு பக்கமும் தெரிஞ்சு தான் பேசுறேன்.

முதல்ல இந்த ப்ரோக்ராமிங் ஏன் வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டா மீதி எல்லாம் லேசா புரியும். ஐபிஎம் 1981ல பிசியோட சேர்த்துக் குடுத்த கேம் போர்ட்ல, அதாவது ஜாய்ஸ்டிக் சொருகுற இடத்துல, மொத்தமே நாலு ஆக்ஸிஸ் (முன்ன பின்ன, இடது வலதுன்னு நகருற திசை), நாலு பட்டன், அவ்வளவு தான் இடம். உள்ள 558னு ஒரு டைமர் சிப், ஜாய்ஸ்டிக்ல இருக்குற பொட்டென்ஷியோமீட்டரோட ரெசிஸ்டன்ஸ் வழியா ஒரு கெபாசிட்டர் சார்ஜ் ஆக எவ்வளவு நேரம் எடுக்குதுன்னு கம்ப்யூட்டர் எண்ணிப் பாத்து ஸ்டிக் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கும். நாலே நாலு பட்டனை வச்சு எஃப்-16 எப்படி ஓட்டுறது? அதுக்கு அந்தக் காலத்து த்ரஸ்ட்மாஸ்டர், சிஹெச் மாதிரி கம்பெனிக்காரங்க கண்டுபிடிச்ச வழி என்னன்னா, ஜாய்ஸ்டிக்கை கீபோர்ட் ஒயருக்கு நடுவுலயும் சொருக வச்சாங்க, நீங்க ஸ்டிக்ல ஒரு பட்டனை அழுத்துனா கம்ப்யூட்டருக்கு கீபோர்ட்ல ஜி அழுத்துன மாதிரி போகும், கியர் இறங்கும். எந்த பட்டனுக்கு எந்த கீ, அழுத்துனா என்ன, விட்டா என்னன்னு எழுதி ஸ்டிக்கோட மெமரிக்குள்ள இறக்கணும். அது தான் ப்ரோக்ராமபிள் ஜாய்ஸ்டிக்.

த்ரஸ்ட்மாஸ்டர் அமெரிக்காவுல ஒரிகன்ல தொடங்குன கம்பெனி, 1999ல பிரான்ஸ் நாட்டு கியெமோ கைக்குப் போச்சு, அதுக்குப் பிறகு 2000களோட ஆரம்பத்துல வந்தது தான் கூகர். எஃப்-16 சண்டை விமானத்தோட ஸ்டிக், த்ராட்டில் ரெண்டோட வடிவத்தையும் உலோகத்துல செஞ்சாங்க, யுஎஸ்பியில வேலை செய்யும், ஆனா பழைய பழக்கத்தை விடாம எழுதுன ஃபைலை ஸ்டிக்குக்குள்ளயே இறக்குற வசதியும் வச்சாங்க. அந்தக் காலத்துல ஃபாக்ஸின்னு ஒரு சாஃப்ட்வேர்ல தான் நிறைய பேர் எழுதுவாங்க. சுண்டுவிரலுக்கு எட்டுற எஸ்3 பட்டனைப் பிடிச்சா ஒரு அர்த்தம், விட்டா வேற அர்த்தம். த்ராட்டில்ல மேல, நடு, கீழன்னு மூணு நிலை உள்ள டாக்ஃபைட் ஸ்விட்ச் ஒண்ணு, அதையும் சேர்த்தா ஒரே பட்டனுக்கு ஆறு அடுக்கா ஆறு வேலை குடுக்கலாம். அந்த யோசனை இன்னிக்கும் கெட்டுப் போகல, அதைப் பத்தி கீழ சொல்றேன்.

இப்ப உண்மையான விஷயத்துக்கு வர்றேன். கூகர்ல கெட்டுப் போறது ப்ரோக்ராமும் இல்ல, டிரைவரும் இல்ல, ஸ்டிக்கைத் தாங்குற கிம்பல் தான், அதோட பொட்டென்ஷியோமீட்டர். இது உறுதியா சொல்ற விஷயம், அந்தக் காலத்துலயே இதை வாங்குனவங்க நிறைய பேர் புலம்புன குறை. வெளிய பாத்தா கனமான உலோகம், ஆயுசுக்கும் வரும்னு தோணும், ஆனா உள்ள ஸ்டிக் சாய்ற இடத்துல தேய்மானம் வந்து நடுவுல ஒரு தொளதொளப்பு வந்துடும், கையில பிடிச்சு லேசா ஆட்டுனா ஸ்டிக் நகரும், திரையில ஒண்ணும் நகராது. அந்தக் குறையை வச்சே தனி ஆளுங்க மாத்து கிம்பல், தொடாம வேலை செய்யுற ஹால் சென்சார், அழுத்தத்தை மட்டும் உணர்ற பேஸ்னு செஞ்சு வித்தாங்க. அதனால விக்கிறவர்கிட்ட முதல்ல கேக்க வேண்டியது, உள்ள எதாவது மாத்தியிருக்கா இல்ல கம்பெனியில இருந்து வந்தபடியே இருக்கா. ஹால் சென்சார் போட்டு மாத்துன கூகர்னா அது வேற தரம், விலை கொஞ்சம் கூட இருந்தாலும் யோசிக்காதீங்க.

பொட்டென்ஷியோமீட்டரைத் திறந்து பாத்தவங்களுக்குத் தெரியும், லாடம் மாதிரி வளைஞ்ச ஒரு கருப்பு கார்பன் தடம், அது மேல சின்ன உலோக விரல் ஒண்ணு உரசிக்கிட்டே போகும். ஸ்டிக் வாழ்க்கையில பாதிக்கு மேல நடுவுல தான் நிக்கும், கை நடுக்கத்துல அந்த இடத்துலயே முன்ன பின்ன உரசும், அதனால தடத்தோட நடுவுல மட்டும் பளபளன்னு ஒரு கோடு விழுந்து கார்பன் மெலிஞ்சு போயிருக்கும், ரெண்டு ஓரமும் புதுசு மாதிரி இருக்கும். விரல் அந்த இடத்தைத் தாண்டும்போது ஒரு கணம் தொடர்பு விட்டுப் போனா விமானம் சட்டுனு ஒரு பக்கம் துள்ளும். பழைய கேம் போர்ட்ல இது இன்னும் மோசம், அங்க ரெசிஸ்டன்ஸையே அளக்குறதால தூசி பட்டாலும் அளவு மாறிடும். யுஎஸ்பி ஸ்டிக்குகள்ல தடத்தோட ரெண்டு முனையிலயும் வோல்டேஜ் குடுத்து நடுவுல எவ்வளவு வருதுன்னு பாக்குறாங்க, லேசான அழுக்கை அது பொறுத்துக்கும், தேய்மானத்தைப் பொறுத்துக்காது.

கான்டாக்ட் க்ளீனர் அடிச்சா சரியாகுமான்னு அடுத்து கேப்பீங்க. அழுக்கா இருந்தா சரியாகும், கார்பனே தேஞ்சிருந்தா கொஞ்ச நாளைக்கு நல்லா இருக்குற மாதிரி காட்டிட்டு திரும்ப வரும். எலக்ட்ரானிக்ஸுக்குன்னு விக்கிற, பிளாஸ்டிக்கைக் கரைக்காத க்ளீனர் மட்டும் போடுங்க. கீலுக்கு அடிக்கிற சாதாரண டபிள்யூடி-40 ஸ்ப்ரேயை அதுக்குள்ள அடிக்காதீங்க, எண்ணெய்ப் பசை தங்கி தூசியைப் பிடிச்சு கொஞ்ச நாள்ல முன்னைய விட மோசமாயிடும். கோயில் மிக்ஸர்ல யாராவது நல்ல எண்ணத்துல அடிச்சுட்டு கொண்டு வந்தாங்கன்னா அந்த ஃபேடரைக் கழட்டி மாத்துறதைத் தவிர வேற வழி இருக்காது.

போய்ப் பாக்குறப்போ லேப்டாப் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. சொருகுன உடனே விண்டோஸ் கீயும் ஆரும் அழுத்தி ஜாய் டாட் சிபிஎல்னு அடிச்சா கேம் கன்ட்ரோலர் பெட்டி திறக்கும், ப்ராப்பர்ட்டீஸ் உள்ள போனா சதுரத்துக்குள்ள ஒரு கூட்டல் குறி நகரும். முதல்ல கையை எடுத்துட்டு சும்மா பாருங்க, குறி நடுங்குதா. அப்புறம் ஸ்டிக்கை இடது ஓரம் வரைக்கும் தள்ளி மெதுவா, ரொம்ப மெதுவா, நடுவுக்கு கொண்டு வந்து விடுங்க, குறி எங்க நிக்குதுன்னு மனசுல வச்சுக்கோங்க. அதே மாதிரி வலது, முன்னாடி, பின்னாடி. நாலு தடவையும் ஒரே இடத்துல வந்து நின்னா கிம்பல் நல்லா இருக்குன்னு அர்த்தம், இடது பக்கம் இருந்து வந்தா ஒரு இடம், வலது பக்கம் இருந்து வந்தா வேற இடம்னா தொளதொளப்பு வந்துடுச்சு. அதுக்குப் பிறகு நடுவுலயே வச்சு விரல் நுனியால லேசா ஆட்டுங்க, ஸ்டிக் நகர்ந்தும் குறி நகரலைன்னா அதே வியாதி. ஓரத்துல இருந்து ஓரத்துக்கு மெதுவா இழுக்குறப்போ குறி தாவுச்சுன்னா கார்பன் போச்சு. இதையெல்லாம் காலிப்ரேட் பண்றதுக்கு (ஸ்டிக்கோட நடுவும் ஓரமும் எதுன்னு கம்ப்யூட்டருக்குப் புதுசா சொல்றதுக்கு) முன்னாடி பாக்கணும், விக்கிறவர் ஏற்கனவே காலிப்ரேட் பண்ணி வச்சிருந்தா ரீசெட் பண்ணிட்டுப் பாருங்க.

பட்டன்களும் ஒவ்வொண்ணா. ட்ரிக்கர் ரெண்டு கட்டமா அழுந்தணும், விரலால நாலு பக்கமும் தள்ளுற ஹேட் ஸ்விட்ச் நாலும் நாலு பக்கமும் வேலை செய்யணும், எஸ்3யை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருந்தா அந்தப் பெட்டியில அதோட விளக்கு விடாம எரியணும், நடுவுல அணைஞ்சு எரிஞ்சா ஒரே பட்டனுக்கு ரெண்டு அர்த்தம் குடுக்குற வேலை முழுக்க வீணாயிடும். த்ராட்டில் கேபிளை லேசா வளைச்சுப் பாருங்க. இன்னொண்ணு, கூகர்ல யுஎஸ்பி ஒயர் ஒண்ணே ஒண்ணு தான், த்ராட்டில் நேரா கம்ப்யூட்டர்ல சொருகாது, ஸ்டிக்கோட அடிப்பெட்டியில தான் சொருகும். அதனால ஸ்டிக் போனா த்ராட்டிலும் சும்மா தான் கிடக்கும், யாராவது த்ராட்டிலை மட்டும் மலிவா தர்றேன்னா வாங்காதீங்க.

கியூர்பிப்ல பல வருஷம் அலமாரியில கிடந்ததுன்னு சொன்னதும் எனக்கு வந்த கவலை ஈரம் தான். அந்த ஊர்ல மழையும் பனிமூட்டமும் நம்மளுக்குத் தெரியாததா, சுவர்ல மாட்டுன படத்துக்குப் பின்னாடியே பூஞ்சை பிடிக்கும். கடற்கரைப் பக்கம்னா உப்புக் காத்து, அது இன்னொரு வகை. கனெக்டர் பின்கள்ல பச்சை பூத்திருக்கான்னு பாருங்க, ஸ்ப்ரிங்ல துரு இருக்கான்னு பாருங்க. பச்சை லேசா இருந்தா க்ளீனர்ல போயிடும், பின் அரிச்சுப் போயிருந்தா போகாது. வாங்குனா வீட்டுல துணி போட்டு மூடி வைங்க, நீண்ட நாள் எடுக்கலைன்னா சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட மூடுன டப்பாவுல வைங்க.

விண்டோஸ் 11 கேள்வி. கூகர் கம்ப்யூட்டருக்கு ஒரு யுஎஸ்பி ஜாய்ஸ்டிக்கா தெரியும், வெறும் பட்டனும் ஆக்ஸிஸும் சிமுலேட்டருக்குப் போய்ச் சேர அதுவே போதும். பிரச்சனை அந்தக் காலத்து டிரைவர், அந்தக் காலத்து சாஃப்ட்வேர். 64 பிட் விண்டோஸ் டிஜிட்டல் கையெழுத்து இல்லாத டிரைவரை ஏத்துக்காது, விண்டோஸ் 11ல கோர் ஐசோலேஷன் உள்ள மெமரி இன்டெக்ரிட்டின்னு இருக்குறது ஒத்து வராத பழைய டிரைவரை இன்னும் கறாரா தடுக்கும். அதையெல்லாம் அணைச்சுட்டு போடுன்னு எழுதுற ஆளுங்க இருக்காங்க, ஒரு ஜாய்ஸ்டிக்குக்காக மொத்த கம்ப்யூட்டரோட பாதுகாப்பைத் திறந்து வைக்கிறது சரியில்லைன்னு நான் கட்டாயம் சொல்வேன், அதே கம்ப்யூட்டர்ல தான் உங்க பேங்க் வேலையும் நடக்குது.

அதுக்குப் பதிலா த்ரஸ்ட்மாஸ்டரோட டார்கெட்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, 2010ல அவங்களோட வார்த்ஹாக் ஸ்டிக்கோட சேர்ந்து வந்தது, அது கூகரையும் ஏத்துக்கும். பட்டனை இழுத்துப் போட்டு எழுதுறதும் உண்டு, சி மொழி மாதிரி ஸ்கிரிப்ட் எழுதுறதும் உண்டு. ஃபாக்ஸியோட பெரிய வித்தியாசம் என்னன்னா டார்கெட் ஸ்கிரிப்ட் கம்ப்யூட்டர்ல ஓடிக்கிட்டே இருக்கணும், அது ஓடுற வரைக்கும் ஒரு கற்பனை ஜாய்ஸ்டிக்கை உண்டாக்கி சிமுலேட்டருக்குக் காட்டும். அதனால எப்பவும் டார்கெட்டை முதல்ல ஓட்டுங்க, பிறகு சிமுலேட்டரைத் திறங்க, மாத்தி செஞ்சா பட்டன் எல்லாம் மறந்து போச்சுன்னு உக்காந்து திரும்ப செட் பண்ண வேண்டி வரும். டார்கெட் பிடிக்கலைன்னா பட்டனுக்கு வேலை எழுத ஜாய்ஸ்டிக் கிரெம்லின், கற்பனை ஜாய்ஸ்டிக்கை உண்டாக்க விஜாய், பழைய கருவியை சிமுலேட்டர் கண்ணுல இருந்து மறைக்க ஹிட்ஹைட், இந்த மூணையும் சேர்த்து எந்த கம்பெனி ஸ்டிக்குக்கும் இதே வேலையை வாங்கலாம், இலவசம் தான். சந்தேகமான பகுதி ஒண்ணு இருக்கு, அடுத்த பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகும் இப்படியே ஓடும்னு யாரும் உத்தரவாதம் குடுக்க முடியாது, இவ்வளவு பழைய கருவியை அப்டேட்டுக்கு முன்னாடி யாரும் சோதிச்சுப் பாக்க மாட்டாங்க. ஓடுற செட்டிங் ஃபைலை தனியா ஒரு காப்பி எடுத்து வச்சுக்கோங்க.

ஏடிஆர் ஓட்டுறவனுக்கு எதுக்கு இவ்வளவு பட்டன்? நான் சொல்றது, பட்டன் நிறைய இருக்குங்கறதுக்காக எல்லாத்துக்கும் வேலை குடுக்காதீங்க. புதுசா வாங்குறவங்க பெரும்பாலும் முதல் வாரமே ஆறு அடுக்கும் நிரப்பிடுவாங்க, ரெண்டாவது வாரம் எது எங்க இருக்குன்னு நினைவில்லாம கீபோர்டுக்கே திரும்பிடுவாங்க. விமானம் தரைக்குப் பக்கத்துல இருக்கும்போது கண்ணை எடுக்காம எது வேணுமோ அது மட்டும் ஸ்டிக்குக்கு வரணும். ரோட்ரிக்ஸ்ல ப்ளேன் கொரைல் ஏர்போர்ட் ஓடுபாதை சின்னது, தென்கிழக்குக் காத்து விடாம வீசும், இறங்குறப்போ ஒரு கை த்ராட்டில்ல, ஒரு கை ஸ்டிக்ல ஒட்டியே இருக்கணும், அந்த நேரத்துல மவுஸைத் தேடுனா அவ்வளவு தான்.

அதனால பெருவிரல் ஹேட்டுக்கு மேல கீழ பிட்ச் ட்ரிம், இடது வலதுக்கு ரட்டர் ட்ரிம் (ட்ரிம்னா ஸ்டிக்கை அழுத்திப் பிடிக்காமலே விமானம் நிலையா போக வைக்கிற சின்ன சரிக்கட்டல், பிட்ச் மூக்கு மேல கீழ, ரட்டர் இடது வலது). சுண்டுவிரல் பக்கம் முன்னாடி இருக்குற எஸ்4 லீவருக்கு ஆட்டோபைலட் விடுவிக்கிறது, நிஜ எஃப்-16லயும் அந்த லீவரைப் பிடிச்சிருக்குற வரைக்கும் ஆட்டோபைலட் ஒதுங்கி நிக்கும், கைக்கு அது இயல்பா வரும். இறக்கையோட பின்பக்கம் கீழ இறங்குற ஃப்ளாப்ஸ் த்ராட்டில்ல ஒரு ஸ்விட்சுக்கு, ஒரு தடவை கீழ அழுத்துனா 15 டிகிரி, இன்னொரு தடவை 30. எஸ்3 பிடிச்சுக்கிட்டா அதே ட்ரிம் ஹேட் பார்வையைத் திருப்புற வேலைக்கு மாறட்டும். அடுக்கு இந்த ஒண்ணு போதும், டாக்ஃபைட் ஸ்விட்சைத் தொடவே வேண்டாம். டார்கெட்ல டெம்போன்னு ஒண்ணு இருக்கு, லேசா தட்டுனா ஒரு வேலை, அழுத்திப் பிடிச்சா வேற வேலை. அதை தெரியாம தட்டுனா ஆபத்து வர்ற விஷயத்துக்கு வைங்க, கியருக்கு நான் நீளமா அழுத்துறதைத் தான் வச்சிருக்கேன், விரல் தவறிப் பட்டா கியர் அசையாது.

ஆக்ஸிஸை மட்டும் ப்ரோக்ராம் பண்ணாதீங்க. ஸ்டிக் அசைவுக்கு விமானம் எவ்வளவு திரும்பணும்னு மாத்துற கர்வ் டார்கெட்லயும் போடலாம், சிமுலேட்டர்லயும் போடலாம், ரெண்டுலயும் போட்டா ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நடுவுல ஸ்டிக் செத்த மாதிரியும் ஓரத்துல பாயுற மாதிரியும் ஆகும், எங்க தப்புன்னும் கண்டுபிடிக்க முடியாது. டார்கெட்ல ஆக்ஸிஸை அப்படியே நேரா விடுங்க, கர்வும் டெட்ஸோனும் (நடுவுல லேசா அசைஞ்சாலும் கணக்குல எடுக்காத இடம்) சிமுலேட்டர்ல ஒரே இடத்துல வைங்க. கிம்பல்ல லேசா தொளதொளப்பு இருந்தா சின்னதா ஒரு டெட்ஸோன் அதை மறைக்கும், பெருசா இருந்தா எந்த டெட்ஸோனும் காப்பாத்தாது. த்ராட்டில்ல ஆஃப்டர்பர்னருக்குன்னு (சண்டை விமானத்தோட கூடுதல் பவருக்குன்னு) ஒரு தடுப்பு வரும், ஏடிஆருக்கு அது தேவையில்லை, ஆனா நார்மல் பவர் எல்லையா அந்தத் தடுப்பை வச்சுக்கிட்டு அதுக்கு மேல தள்ளுறதை கூடுதல் பவருக்குன்னு சிமுலேட்டர்ல அளந்து வச்சா கைக்கு நல்ல அடையாளம்.

இதே காசுக்கு வேற என்ன கிடைக்கும்னும் யோசிக்கணும். த்ரஸ்ட்மாஸ்டரோட டி.16000எம் ஸ்டிக் வெறும் பிளாஸ்டிக் தான், ஆனா ஸ்டிக் ஆக்ஸிஸ்ல ஹால் சென்சார், தேயுறதுக்கு அங்க உரசல் இல்ல, துல்லியம் கூகரை விட நல்லாவே இருக்கும். சைடெக் எக்ஸ்52ம் ஸ்டிக் ஆக்ஸிஸ்ல ஹால் தான், திருப்புற ஆக்ஸிஸும் த்ராட்டிலும் பொட்டென்ஷியோமீட்டர், அந்தப் பேர் 2007ல மேட் கேட்ஸுக்குப் போய் 2016ல லாஜிடெக்குக்கு வந்துச்சு, அதனால டிரைவர் லாஜிடெக்கிட்டயே தேடலாம். முதல் தடவை பறக்குறவரா இருந்தா நான் டி.16000எம் பக்கம் தான் கை காட்டுவேன். கூகர் வேணும்னா அதோட உலோகக் கனத்துக்கும் எஃப்-16 பிடிக்கும் ஆசைப்பட்டு வாங்கணும், அந்த ஆசை தப்பில்ல, கையில பிடிச்சவங்களுக்குத் தெரியும், மலிவுங்கறதுக்காக மட்டும் வாங்காதீங்க.

ஒரு ஆறுதல் இருக்கு. கூகரோட பிடி தனியா கழட்டலாம், அதோட கனெக்டர் வார்த்ஹாக் பேஸ்ல அப்படியே பொருந்தும், விர்பில் மாதிரி கம்பெனி பேஸ்லயும் மாட்டலாம். அதனால கிம்பல் முழுக்க போனாலும் பிடிக்கு விலை உண்டு, பின்னாடி ஹால் சென்சார் வச்ச பேஸ் ஒண்ணு வாங்குனா இதே பிடியை மேல ஏத்திக்கலாம். பேரம் பேசுறப்போ இதை மனசுல வச்சுக்கோங்க: பேஸ் தேஞ்சிருந்தா பிடிக்கும் த்ராட்டிலுக்கும் மட்டும் என்ன விலை தருவீங்களோ அதைச் சொல்லுங்க, அவர் ஒத்துக்கலைன்னா விட்டுட்டு வந்துடுங்க. ஐரோப்பாவுல இருந்து பாகம் வரவழைச்சா இந்தக் கனத்துக்கு ஷிப்பிங்கே பொருளோட விலைக்கு வந்து நிக்கும், அதையும் கணக்குல சேருங்க.

கருவியை நேர்ல பாக்காம இதுக்கு மேல சொல்றது சரியா இருக்காது, போட்டோவுல கிம்பல் தேய்மானம் தெரியாது. போய் அந்த நாலு பக்க சோதனையைச் செஞ்சுட்டு, குறி ஒவ்வொரு தடவையும் எங்க நின்னுச்சு, நடுவுல தாவுச்சா, எந்த பட்டன் விட்டு விட்டு எரிஞ்சுதுன்னு எழுதுங்க. தாவுறது மட்டும் தான் குறைன்னா பொட்டென்ஷியோமீட்டரைக் கழட்டி மல்டிமீட்டர்ல எப்படி அளக்குறது, அதே அளவுல எதைப் போடலாம்னு அடுத்ததா சொல்றேன், அது சாலிடரிங் தெரிஞ்சவங்க ஒரு சாயங்காலத்துல முடிக்கிற வேலை தான்.